எதைச் சொன்னாலும் இலா சாகிறாள்

மகனே, இந்தக் கடிதத்தில் உன் பெயர் இருக்காது. உனக்கு மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நாலு பேர் படிக்கும் இடத்திலும் இதைப் போடப்போகிறேன். நம் வீட்டில் நடந்தது வேறு வீடுகளிலும் நடக்கிறது என்பது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்காது. கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு மைதானத்துக்கு வரும் பெண்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உனக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "போடுங்க ஆன்ட்டி, என் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். அவளைத் தீபா என்று வைத்துக்கொள்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன வாரம் நீ போன் செய்தபோது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "அம்மா, கல்யாணத்த நிறுத்திடலாம்" என்றாய். ஏன் என்று கேட்டேன். சொன்னாய். தீபாவுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சு வந்தது, பேச்சு வளர்ந்தது, கையிலிருந்த காபி மக்கை எறிந்துவிட்டாய். "அவ மேல எறியலம்மா. சுவரப் பாத்துதான் எறிஞ்சேன். துண்டு தெறிச்சு அவ புருவத்தக் கிழிச்சிடுச்சு. தையல் போட்டிருக்கு." நீயே தொடர்ந்தாய். "எனக்குள்ள அவர்தான்மா இருக்கார். நான் எந்த வழில போனாலும் கடைசில அங்கதான் போய் நிப்பேன். அதான் இப்பவே நிறுத்திடறேன்." போனை வைத்துவிட்டாய். உலர்த்தாத துணி வாளியிலேயே கிடந்தது. எந்த வழியில் போனாலும் ஒரே இடம் என்ற அந்தப் பேச்சை அதற்கு முன்பும் உன் வாயால் கேட்டிருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். உன் விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது கேட்டது அது.

நீ கதை எழுதிய அந்த விண்வெளி வீடியோ விளையாட்டு வெளிவந்த பிறகு மைசூருக்கு வந்து சில நாள் தங்கியிருந்தாய். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. விளையாடியவர்கள் இணையத்தில் திட்டித் தீர்த்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாய். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இலா என்ற அந்த இன்ஜினியர் பெண் சாகத்தான் போகிறாள், பிறகு எதற்கு எங்களைக் கேட்கிறீர்கள், தேர்வு உங்கள் கையில் என்று அட்டையில் போட்டு ஏமாற்றுகிறீர்களா என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதியிருந்தார்கள். "அவங்க சொல்றது நிஜம்தானே?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "நிஜம்தான். எல்லா கம்பெனியும் செய்யறதுதான்மா. மரம் மாதிரி கிளை விட்டுக்கிட்டே போவோம். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கதை எழுத ஆயுசு பத்தாது. அதனால எல்லாத்தயும் இழுத்து ஒரே இடத்துல முடிச்சுப் போட்டுருவோம். ஆடறவனுக்குத் தான்தான் முடிவு பண்றோம்னு ஒரு நினைப்பு இருக்கணும், அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டு நீ பெங்களூருக்குக் கிளம்பிப் போனாய். விளையாட்டுப் பெட்டியை டிவியோடு மாட்டியபடியே விட்டுப் போயிருந்தாய்.

நான் ஆடிப் பார்த்தேன். உனக்குச் சொல்லவில்லை. வலது மணிக்கட்டில் தகடு வைத்திருப்பதால் அந்தக் கண்ட்ரோலர் குச்சியைத் திருப்பித் திருப்பிக் கை வீங்கிப்போனது. ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஆடினேன். கப்பலுக்குக் கபினி என்று பெயர் வைத்திருந்தாய். ஒரு பெரிய கோளைச் சுற்றிவரும் பழைய சரக்குக் கப்பல். ஆடுபவர் அதில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி அதிகாரி. எந்த நிலவில் இறங்கிப் பனிக்கட்டி வெட்டுவது, கொள்ளைக்காரர்களோடு சண்டையா சமாதானமா, அடிபட்டுக் கிடக்கும் எதிரியை ஏற்றிக்கொள்வதா விட்டுப்போவதா என்று எல்லாவற்றையும் என்னைக் கேட்டது. முதலில் சண்டை என்றேன். கொள்ளைக் கப்பல்களைச் சுட்டுப் பிளந்தேன். பிளந்த வயிற்றிலிருந்து ஆட்கள் கைகால்களை உதைத்துக்கொண்டு இருட்டுக்குள் மிதந்து போனார்கள். சத்தமே வரவில்லை. அதில் ஒருவனுக்கு முகமூடி கழன்று வாய் திறந்திருந்தது. என் பிள்ளை இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து யோசித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கப்பலில் காற்று கசிந்துவிட்டது. கேப்டன், இன்ஜினியர் இலாவையும் என்னையும் இயந்திர அறைக்குக் கூப்பிடுகிறான். அவன் கத்தவில்லை. கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, மடித்து, மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்கிறான்: வால்வைத் திறந்துவிட்டது யார்? நீயே சொல். திரையில் பதில்கள் வருகின்றன. இலா என்று சொல்லலாம். நான்தான் என்று சொல்லலாம். வாயைத் திறக்காமல் நிற்கலாம். துப்பாக்கியை எடுக்கலாம். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவன் இலாவின் கழுத்து வளையத்தைப் பிடித்து, தலைக்கவசத்தோடு அவள் முகத்தை இரும்புக் கதவின் விளிம்பில் மோதினான். மறுபடி மோதினான். கண்ணாடியில் விரிசல் விழுந்து உள்ளே சிவப்பு தெறிக்கும்வரை மோதினான். பிறகு விண்வெளிக்குத் திறக்கும் அறைக்குள் அவளைத் தள்ளி நெம்புகோலை இழுத்தான்.

அழித்துவிட்டு மறுபடி ஆடினேன். நான்தான் என்றேன், பொய் சொல்கிறாய், அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று அவளைக் கொன்றான். இலா என்றேன், உண்மை சொன்னதற்கு நன்றி என்று கொன்றான். துப்பாக்கியை எடுத்தேன். அது சுடவில்லை, நீ முன்கூட்டியே அதில் குண்டு இல்லாமல் செய்திருந்தாய். என்னைச் சுவரில் அறைந்து கீழே போட்டுவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளைக் கொன்றான். நான் கண்ட்ரோலரைச் சோபாவில் வைத்தேன். இந்தக் கேப்டனை எனக்குத் தெரியும். அவன் இங்கிலீஷில் பேசினான், விண்வெளி உடுப்புப் போட்டிருந்தான், ஆனால் அந்த நிதானத்தோடு பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

உன் அப்பா குடிக்கமாட்டார். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், இஸ்திரி கலையாத சட்டை. அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி பெட்டிமேல் வைப்பார். கண்ணாடி கீறிவிடக் கூடாதே. பிறகு ஒரு கேள்வி கேட்பார். "லேட்டா வந்தது பஸ்னாலயா, பேசிக்கிட்டு நின்னதாலயா? நீயே சொல்லு. உண்மையச் சொன்னா விட்டுடறேன்." பஸ் என்றால் பொய் சொன்னதற்கு அடி. பேசிக்கொண்டு நின்றேன் என்றால் பேசியதற்கு அடி. பேசாமல் இருந்தால் திமிருக்கு அடி. முதல் சில வருஷம் நான் சரியான பதிலைத் தேடிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் இன்று என்ன கேட்பார், அதற்கு எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு பதில் இருக்கிறது, எனக்குத்தான் அது அகப்படவில்லை என்று நம்பினேன். உன் விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடி, கடைசியில் திட்டி எழுதினார்களே, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. நீ அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை, நானும் பேசவிடவில்லை. ஆனால் நினைவிருக்கிறது என்று இலா செத்தபோது தெரிந்துகொண்டேன். அதனால் நீ பார்க்காததையும் சேர்த்து இப்போது சொல்கிறேன். அப்போது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். நம் பள்ளி த்ரோபால் அணி ஜெயித்து, சாமராஜநகரில் அடுத்த சுற்றுப் போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரிசி வெந்துகொண்டிருந்தபோது அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் டிவி பெட்டிமேல் கடிகாரத்தை வைத்துவிட்டு வந்தார். "போட்டியா, வீடா? நீயே சொல்லு" என்றார். "வீடுதாங்க. நான் போகல, வேற டீச்சரை அனுப்பச் சொல்லிடறேன்" என்றேன். "அப்ப முதல்ல எதுக்கு ஒத்துக்கிட்ட?" என்று கேட்டு, என் வலது கையைப் பிடித்துச் சமையல் மேடையின் கல் விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் கீழே அழுத்தினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் பந்து எறிகிற கை அது. அவருக்கு அது தெரியும்.

நீ சமையலறை வாசலில் நின்றிருந்தாய். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை உன்னை இதற்குள் இழுத்ததில்லை. "டேய், நீ சொல்லு. உங்கம்மா வீடுதான் வேணும்னு சொல்றாளே, நிஜமா சொல்றாளா, பொய் சொல்றாளா?" நீ என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய். "பொய் சொல்றாங்கப்பா" என்றாய். உடனே அவர் இரும்புத் தோசைக்கல்லால் என் தலையில் அடித்தார். நெற்றிமேல் இருக்கும் இந்தத் தழும்பு அதுதான். ரத்தம் கண்ணுக்குள் இறங்கி எனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை. மறுபடி ஓங்கினார், தோளில் விழுந்தது. நான் சமையல் மேடைக்கு அடியில் நுழைந்துகொண்டேன். அவர் குனிந்து என் முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்.

கீழ்வீட்டுச் சாந்தம்மாவை நீ மறந்திருக்கமாட்டாய், நாம் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். புருஷன் இல்லாமல், இரண்டு தென்னை மரங்களையும் மாடி வாடகையையும் வைத்துக் காலம் தள்ளிய கன்னடக்காரம்மா. அவர் இளநீர் வெட்டும் அரிவாளோடு படியேறி வந்து நம் வாசலில் நின்றார். மேல்மூச்சு வாங்கியது. "பிடோ அவள்ன" என்றார், விடுடா அவளை என்று. ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசரை அதுவரை யாரும் டா போட்டுப் பேசியதில்லை. உன் அப்பா என் முடியை விடாமலே, "இது நம்ம மனெ விஷய. நீவு கெளகெ ஹோகி" என்றார். எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் கீழே போங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த அம்மா சொன்னார்: "மனெ நந்து." வீடு என்னுடையது.

உன் அப்பா என்னை விட்டுவிட்டுச் சாந்தம்மாமேல் பாய்ந்தார். அரிவாளைப் பிடுங்கப் போனவர் அந்த அம்மாவைக் கதவு நிலையில் மோதினார். சாந்தம்மாவின் உதடு கிழிந்தது. ஆனால் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் அந்த ஒரு அரிவாளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் முண்டினார்கள். நான் எழுந்து, கீழே கிடந்த தோசைக்கல்லை இடது கையில் எடுத்து, உன் அப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் என் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். அவர் மடிந்து விழுந்தபோது அரிவாள் அவருடைய முன்கையை நீளமாக வகுந்துவிட்டது. ரத்தம் தரையில் கொட்டியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, "தண்ணி, தண்ணி" என்றார். பதினான்கு வருஷமாக என் ரத்தத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, என் மணிக்கட்டில் தகடு, போலீஸில் புகார், கோர்ட்டுக்கு அலைந்தது, அவர் ஓசூரில் தம்பி வீட்டோடு போய் இருந்தது, நீ கல்லூரியில் இருக்கும்போது அங்கேயே மாரடைப்பில் இறந்தது, நீ போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தது. உனக்குத் தெரியாதது இரண்டு உண்டு. முதலாவது இது. நீ "பொய் சொல்றாங்கப்பா" என்று சொல்வதற்கு முன்பே அவர் கை தோசைக்கல்லின் பிடியில் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. அவர் உடம்பு மறைத்ததால் உனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய் அதை எடுத்துவிட்டிருந்தார். அம்மா நிஜம் சொல்றாங்க என்று நீ சொல்லியிருந்தாலும் அந்த அடி விழுந்திருக்கும். அடித்த பழியில் உனக்கும் ஒரு பங்கு கொடுக்கத்தான் அவர் உன்னைக் கேட்டார். நீ அந்தப் பங்கை இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். அதைக் கீழே வை.

இரண்டாவது, சாந்தம்மா சொன்னது. என் கட்டு பிரித்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன்: வருஷக்கணக்காக நான் கத்துவது உங்கள் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது, அன்றைக்கு மட்டும் ஏன் வந்தீர்கள் என்று. அந்த அம்மா மறைக்கவில்லை. ஆமாம் விழுந்தது, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன் என்றார். "அன்னிக்கு உன் பையன் குரல் கேட்டுச்சு. அதுவரைக்கும் உங்க ரெண்டு பேர் குரலும்தான் கேக்கும். பையனையும் ஏதோ கேக்கறான், அவனும் நடுங்கிக்கிட்டே பதில் சொல்றான்னு தெரிஞ்சுது. அதுக்குமேல டிவியக் கூட்ட எனக்குக் கை வரல" என்று கன்னடத்தில் சொன்னார். சாந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நீ என்ன பதில் சொன்னாய் என்பது அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. உன் குரல் வெளியே வந்ததுதான் அவரைப் படியேற்றியது.

இதையெல்லாம் வைத்து உன் விளையாட்டுக்கு வருகிறேன். தேர்வுக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று அதை ஆடியவர்கள் சண்டை போடுகிறார்களே, அதற்கு நான் சொல்வது, யார் கொடுத்த தேர்வு என்று பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்ட ஒருவன் கொடுக்கும் தேர்வில் ஒன்றும் கிடையாது. அதை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய்; திட்டு வாங்கினாலும் மாற்றாதே. ஆனால் அந்தக் கப்பலில் வேறு ஆட்களும் இருந்தார்கள். சமையல்காரன் இருந்தான், வழிகாட்டி இருந்தாள், பொறிகளைத் துடைக்கும் கிழவன் இருந்தான். இலா கத்தியது அவர்கள் அறைகளுக்குக் கேட்டிருக்கும். அவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல் கதவுகளை மூடி வைத்துவிட்டாய். என்னைப் பயிற்சி அதிகாரியாக வைத்ததற்குப் பதில் அந்த நடைக்கூடத்தில் நிற்க வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டிவியைக் கூட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் அங்கே ஒரு நிஜமான தேர்வு இருந்திருக்கும்.

இப்போது நீ எறிந்த காபி மக்குக்கு வருகிறேன். சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன் என்றாய். உன் அப்பாவும் முதல்முறை சுவரைப் பார்த்துத்தான் எறிந்தார், கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு சொம்பை. தெறிக்காததால் எனக்குக் காயம் இல்லை. நானும் அவர் சுவரைத்தான் குறிவைத்தார் என்று நம்பினேன். அந்தச் சொம்பு எனக்குக் காட்டுவதற்காக எறியப்பட்டது என்று புரியப் பல வருஷம் ஆனது. உனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆகக் கூடாது. தீபா புனேக்குப் போகலாமா என்ற பேச்சுக்கு நீ சொன்ன பதில் அந்த மக். அவள் புருவம் கிழிந்தது தெறித்ததால் நேர்ந்தது. அவள் பயந்தது தெறித்ததால் அல்ல.

ரத்தத்தில் இருக்கிறது, அவர்தான் எனக்குள் இருக்கிறார் என்றாய். உன் அப்பாவும் மறுநாள் காலையில் இதைத்தான் சொல்வார்: "கோவம் வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குது, நான் என்ன பண்ண?" ஒன்றுமே தெரியாதவருக்குக் கடிகாரத்தைக் கழற்றத் தெரிந்தது. என் விளையாட்டு உடுப்புக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கத் தெரிந்தது. தொழிற்சாலையில் மேனேஜர் நாலு பேர் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசியபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது, ஒவ்வொரு முறையும் அவரேதான் ஒன்றை எடுத்தார். எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது என்று அவருக்கு நான் விட்டுக்கொடுத்தால், பதினான்கு வருஷமும் என்னை யாருமே அடிக்கவில்லை என்று ஆகிவிடும். அதை உனக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீ அவர் இல்லை என்று தடவிக்கொடுக்கவும் மாட்டேன். அது இனிமேல் தெரிய வேண்டியது.

தீபா வந்திருந்தாள். நீ போன் செய்த மூன்றாம் நாள், தனியாகப் பஸ் பிடித்து, புருவத்தில் கட்டோடு வந்து கதவைத் தட்டினாள். காபி கொடுத்தேன். மக் வேண்டாம் என்று நினைத்து டம்ளரில் கொடுத்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். "அவன் நல்லவன் ஆன்ட்டி. அதான் எனக்குக் கொழப்பமா இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, அவள் என் மருமகளாக வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஒரு தடவ மன்னிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை, உனக்கு மேலே எழுதியது போலவே, ஒன்றும் விடாமல் அவளுக்குச் சொன்னேன். என் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டுப் பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "அவன் கல்யாணத்த நிறுத்திட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கான் ஆன்ட்டி. எனக்காகத்தான் நிறுத்தறேன், என்னைக் காப்பாத்தறேன்னு சொல்றான். என்னை ஒரு வார்த்த கேக்கல." நான் தலையாட்டினேன். "அவன் நிறுத்த வேண்டாம். நான் நிறுத்தறேன். நானே அவன்கிட்ட நேர்ல சொல்லிடறேன்." நான் கேட்டேன்: "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? கல்யாணம் நடக்கப்போறதில்ல, அவ்வளவுதானே?" அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்ல ஆன்ட்டி. அவன் நிறுத்தினா நான் வீட்ல உக்காந்து அவன் மனசு மாறுமான்னு பாத்துக்கிட்டிருப்பேன். நான் நிறுத்தினா அடுத்த மாசம் புனேல இருப்பேன்." உன்னிடம் இதைச் சொல்லிவிட்டதாக நேற்று மெசேஜ் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முடிவு ஒன்றாகவே இருந்தாலும் யார் எடுத்தார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இத்தனை வயதில் அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். அன்று அவள் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, உனக்காகவும் அவளுக்காகவும் சேர்த்து அழுதேன்.

என்னிடம் த்ரோபால் ஆடிய பெண் ஒருத்தி பெங்களூரில் மனநல டாக்டராக இருக்கிறாள். கை ஓங்குகிற ஆண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவள் வேலையில் பாதி. சனிக்கிழமை காலை உனக்காக அவளிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். அங்கே போனால் தீபா திரும்பி வருவாள் என்று நினைத்துப் போகாதே. வரமாட்டாள், நானும் அவளைக் கேட்கமாட்டேன். நீ நாளைக்கே மாறினாலும் அந்தக் கல்யாணம் நடக்கப்போவதில்லை, அவள் புருவத்தில் இருக்கும் கோடு மறையப்போவதில்லை. உனக்கு ஒன்றுமே திரும்பக் கிடைக்காத இந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை நானும் முதல் பஸ்ஸில் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும். நீ வராவிட்டாலும் நான் உன் அம்மாதான், நீ வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன். ஆனால் இனி எந்தப் பெண்ணோடு உனக்குப் பேச்சு நடந்தாலும், அவளைத் தேடிப் போய் என் நெற்றியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அம்மா